இரண்டாவது கையெழுத்து

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் மூன்று பாம்புகளின் விவரம் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். வரிசை எண், தேதி, நேரம், நீளம், நுழைந்த வழி என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். மூன்றாவது பாம்புக்கு நேராக நீளம் என்ற கட்டத்தில் 'முழுதாகப் பார்க்கவில்லை' என்றிருந்தது. மூன்றும் வேப்பம்பட்டில் இருக்கும் எங்கள் மாந்தோப்பிலிருந்து கிளம்பி அவர் வீட்டுக்குள் போனவை. அம்பத்தூரில் என் லேமினேஷன் கடையை விசாரித்துக் கண்டுபிடித்து வந்து, தாளைக் கவுண்டர் மேல் வைத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். எதற்கு என்றேன். புகார் வாங்கிக்கொண்டதற்கு என்றார். போட்டேன். படிக்காமல்தான் போட்டேன். அதை அவர் கவனித்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர். வண்டி பிரேக்குக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களைக் கையில் எடுத்து, தேறும், தேறாது என்று சொல்வது வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போனபோது கிடைத்த பணத்தில் எங்கள் தோப்பை ஒட்டி மனை வாங்கி, இரண்டு அறை வீடு கட்டினார். ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் என்று நினைத்து ஒருவர் பயந்துபோய் லைசென்ஸை நீட்டியிருக்கிறார். இவர் அதையும் வாங்கித் தேதி பார்த்து, முடிந்து நாலு மாசம் ஆகிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

தோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா வாங்கிப் போட்டது, அவருக்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் பொது. பத்து வருஷமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சீமைக் கருவேலம் வேலியைத் தாண்டி உள்ளே வந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மாமரங்கள் வெயிலுக்கு அடித்துக்கொண்டு மேலே மேலே போய், கீழே வெறும் கட்டையாக நின்றன. பாதிக் கிளைகளில் புல்லுருவி. ஆவடியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, மனை போட்டு விற்றுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தோப்பின் மேல் பாசம் என்று சொன்னால் அது பொய். மாமா விற்கலாம் என்றதால் எனக்கு விற்கக்கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். கடைசியில் மாமாவே ஒரு கெடு வைத்தார். "மூணு வருஷம் டைம் மச்சான். அதுக்குள்ள ஒரு குத்தகைக்காரன் வந்து காய் நான் எடுத்துக்கிறேன்னு சொல்லட்டும், தோப்பு உன்னுது மாதிரி. இல்லன்னா பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடு." நானும் வீறாப்பாகச் சரி என்றுவிட்டேன்.

பாம்பு விஷயமாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கேட் திறக்கவில்லை, உள்ளேயிருந்து கருவேலம் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு மதிலில் ஏணி போட்டு இறங்கினோம். எத்தனை மரம் என்று கேட்டார். நூறு இருக்கும் என்றேன். எண்ணினீர்களா என்றார். அரை நாள் எண்ணினோம். அறுபத்திரண்டு. நான் முப்பது வருஷமாக எல்லோரிடமும் நூறு என்றே சொல்லியிருந்தேன், சம்பந்தி வீட்டில் உட்பட.

"பாத்தீங்களா, செக் பண்ணீங்களா?" வாழ்க்கையில் அவர் அதிகம் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவருக்கு இரண்டும் வேறு வேறு. பார்ப்பது எல்லோரும் பார்ப்பது. செக் பண்ணுவது என்றால் கையில் எடுத்து, திருப்பி, பின்பக்கம் தொட்டு, கட்டை விரல் நகத்தால் ஓரமெல்லாம் வழித்துப் பார்ப்பது. "கண்ணு டபாய்க்கும் சார், நகம் டபாய்க்காது" என்பார். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கிளாஸின் விளிம்பை இப்படி நகத்தால் ஒரு சுற்று சுற்றி, எங்கோ ஒரு மணியளவு பிசிறைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பார். நாலைந்து முறை திருப்பிய பிறகு டீக்கடைக்காரர் அவருக்கென்றே ஒரு கிளாஸ் வாங்கி வைத்தார். அதையும் அவர் தினமும் செக் பண்ணினார்.

ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் குனிந்து சக்கரத்து நட்டுகளை எண்ணுவார். ஒருமுறை திருவேற்காடு கோயிலுக்கு நானும் என் மனைவியும் அவரோடு போனபோது ஒரு நட்டு குறைந்தது. ஓட்டுநர் ரெண்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது என்றார். இவர் ஏறவில்லை. இவர் ஏறாததைப் பார்த்து ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் வெயிலில் நடந்தோம். ஆட்டோ காலியாக எங்களைத் தாண்டிப் போனது. சக்கரம் கழலவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "இன்னிக்கி கழல்ல" என்றார்.

அப்படிப்பட்டவர் கையில் தோப்பு சிக்கியது. நான் கேட்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. கருவேலத்தை ஜேசிபி விட்டு எடுத்த மறுநாள் ஒரு கட்டு அட்டையோடு வந்து நின்றார். கம்பெனியை விட்டு வரும்போது எல்லோருக்கும் குத்துவிளக்கு கொடுத்தார்களாம். இவர் குத்துவிளக்கோடு இந்த அட்டைகளையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் ரீவொர்க், அதாவது வேலை பார்த்தால் தேறும். பச்சை என்றால் சரி. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு கையெழுத்துக்குக் கோடு. மஞ்சளுக்கு ஒன்று போதும். சிவப்புக்கும் பச்சைக்கும் இரண்டு வேண்டும், அதுவும் வேறு வேறு ஆள். தூக்கிப் போடுவதானாலும் வெளியே அனுப்புவதானாலும் ஒருவர் சொல்லி நடக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். மழையில் ஊறாமலிருக்க நான் கடையில் அட்டைகளை லேமினேட் செய்து கொடுத்தேன். தோப்புக்கு என்னுடைய முதல் பங்களிப்பு அதுதான்.

ஒரு மாதம் மரம் மரமாகப் போனார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பல் டாக்டர் வைத்திருப்பது போல காம்பு வைத்த கண்ணாடி. பட்டையை நகத்தால் சுரண்டினார். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தவிட்டு நிறமாக உதிர்ந்தால் இல்லை. துளைப்பான் புழு போட்ட ஓட்டைகளில் சைக்கிள் போக்கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். முடிவில் மஞ்சள் ஐம்பத்து மூன்று, சிவப்பு ஒன்பது. பச்சை ஒன்றுகூட இல்லை. ஒன்றாவது கொடுத்திருக்கலாமே என்றேன், மனசு கேட்காமல். அவர் பச்சை அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டி வைத்தார்.

வேலையும் அவர் சொன்னபடிதான் நடந்தது. பின்னிக்கொண்ட கிளைகளைக் கவாத்து செய்து உள்ளே வெயில் விட வேண்டும். பலமாக வெட்டிய மாமரம் இரண்டு வருஷம் காய்க்காது. எனக்குக் கெடுவே மூன்று வருஷம். அவர் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டச் சொன்னார். கம்பெனியில் ரிப்பேர் என்றாலும் லைனை மொத்தமாக நிறுத்த மாட்டார்களாம். வெட்டிய இடங்களில் பூச மயில்துத்தமும் சுண்ணாம்பும் பிளாஸ்டிக் வாளியில் அவரே கரைத்தார். ஓட்டைகளில் மண்ணெண்ணெய்ப் பஞ்சு அடைத்து, மேலே களிமண் பூசினார். நான் கூலியைப் பற்றிப் பேச்செடுத்தபோது பாம்பு வராமலிருந்தால் போதும் என்றார்.

சிவப்பு போட்ட ஒன்பதையும் ஒரு வாரம் வைத்திருந்து இரண்டாவது ஆள் செக் பண்ண வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான். அப்போது கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் பைண்டிங்குக்கு மொய்க்கும் நேரம். ஞாயிறு காலை அவசரமாகப் போய், அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்பது அட்டையிலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எட்டரை ரயிலைப் பிடித்தேன். இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர் பார்த்ததை நான் என்ன பார்ப்பது என்று எனக்கு.

மறு வாரம் பூந்தமல்லிப் பக்கமிருந்து பவர் ரம்பக்காரர் வந்தார். எட்டு மரம் விழுந்தது. ஒன்பதாவது அவர் வீட்டு மதிலை ஒட்டி மூலையில் நின்ற ருமானி ஜாதி மரம். அதை இடுப்பு உயரத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போது ரம்பத்தின் சத்தம் மாறியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார். வருவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது. அறுத்த வட்டத்தில் மதில் பக்கத்துப் பாதி தவிடு. தோப்பைப் பார்த்த அந்தப் பக்கத்துப் பாதி வெள்ளையாக, ஈரமாக, ஓரத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது.

விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அந்தாண்டைப் பக்கம் நான் செக் பண்ணினேனா என்று கேட்டார். பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பார்க்கக்கூட இல்லை என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. "எனுக்கு இந்த மரம் புடிக்காது சார்" என்றார். "எலயெல்லாம் என் டேங்க்ல கொட்டும். பாம்பும் இத்தோட வேர்லேர்ந்துதான் வந்துகினு இருந்துச்சி. என் ஊட்டுப் பக்கம் மட்டும் சொரண்டிப் பாத்தேன். அந்தாண்ட கொடி மண்டிக் கெடந்துச்சி, நீங்க பாப்பீங்கன்னு உட்டுட்டேன்." விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "கம்பெனில சொல்லுவாங்க, ரெண்டு கையெழுத்து இருந்தா ரெண்டு பேருமே செக் பண்லன்னு அர்த்தம். நான் சிரிப்பேன்."

வெட்கமாக இருந்தது. அவர் முன்னால் மட்டுமில்லை, அந்த ரம்பக்காரர் முன்னாலும். ரம்பக்காரர் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடவா என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று கட்டைமேல் கையாலேயே மருந்தைப் பூசினார். சிவப்பு அட்டையைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் கட்டினார். அவர் நோட்டில் அன்றைய பக்கத்தில் 'ருமானி, மூலை, உயிருள்ளதை வெட்டியது. தவறு: இருவர்' என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். என் பெயரை முதலில் எழுதியிருக்கலாம். தன் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார்.

இரண்டு மாதத்தில் கட்டை துளிர்த்தது. மதில் பக்கம் ஒன்றுமில்லை, அந்தாண்டைப் பக்கம் மட்டும் பதினொன்று. நான் துள்ளிக் குதித்தேன். அவர் எண்ணி எழுதிக்கொண்டு, நாலை விட்டுவிட்டு ஏழைக் கிள்ளிப் போட்டார்.

மூன்றாவது வருஷம் தை மாதம் முதலில் வெட்டிய வரிசைகள் பூத்தன. பூந்தமல்லியில் பழ மண்டி வைத்திருக்கும் ஒரு பாய், வயசானவர், தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர், பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதே நாள் மாமாவும் வருவதாக ஏற்பாடு. நான் முந்தின நாள் இன்ஸ்பெக்டரம்மாவிடம் போய்க் கெஞ்சினேன். ஒன்றும் பெரிதாக வேண்டாம், கேட்டால் தோப்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே ஒரு நாளைக்கு. கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தோப்பு மனையானால் அவர் வீட்டுக்கு இருபதடி ரோடு வரும் என்பது அன்றைக்குத்தான் என் புத்தியில் பட்டது. இத்தனை நாள் உழைத்த பெண்மணியைப் பற்றி அப்படி நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

பாய் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். மாமா அவர் பின்னாலேயே வந்தார். மதில் ஓரம் வந்ததும் பாய் இவரைப் பார்த்து, "எப்டிம்மா கீது தோப்பு?" என்றார். இவர் நோட்டைப் பிரித்தார். மூன்றாவது வரிசையில் இரண்டு மரத்தில் துளைப்பான் இன்னும் போகவில்லை. ஐந்தாவது வரிசையில் பூவில் தத்துப்பூச்சி, பிஞ்சு கொட்டும். கேணிப் பக்கம் நாலு மரம் இந்த வருஷமும் பூக்கவில்லை. இப்படிப் பதினாலு மரத்தை, வரிசை எண்ணோடு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். மாமாவின் முகத்தில் ஒரு கல்யாணக் களை வந்தது. எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கிக் கேணியில் போடலாம் போலிருந்தது.

பாய் கேட்டு முடித்தார். "மிச்சம்?"

"மிச்சத்துல குத்தம் கண்டுபுடிக்க முடில" என்றார் இவர்.

அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அதுதான் என்பது எனக்குத் தெரியும். பாய்க்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அவர் நோட்டை ஒருமுறை பார்த்தார், இவரை ஒருமுறை பார்த்தார், குடையை மடக்கினார். நாற்பது வருஷமாகத் தோப்பு எடுக்கிறாராம், எல்லாத் தோப்பும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்களாம், அத்தனையிலும் அடி வாங்கியிருக்கிறாராம். "இந்தம்மா சொன்னத கழிச்சிக்கிறேன். மிச்சத்த நான் பாக்க வாணாம், எடுத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பதினாலு மரத்தையும் கழித்துக்கொண்டுதான் விலை பேசினார். மாமா ரயில்வே கேட் வரைக்கும் என்னோடு நடந்துவந்து, "பத்திரத்த கிழிச்சிடறேன் மச்சான்" என்றார். அன்று சாயந்திரம் தோப்புக்குத் திரும்பிப் போய் மரங்களுக்கு நடுவில் சும்மா நின்றேன். மாமா மேல் இருந்த வீறாப்பு இறங்கியிருந்தது. தோப்பு போய்விடுமோ என்ற பயம் மட்டும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது பிடித்திருக்கிறது என்று தெரிந்தது.

அந்த வருஷத்திலேயே சில மாற்றங்கள் இருந்தன. டார்ச்சை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். நோட்டில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போய், ஒரு பக்கத்துக்கு நாலு மரம் என்றாகியிருந்தது. டீ கிளாஸை வாங்கக் கையை நீட்டித் துழாவினார். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி. சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது என்று அவர் மகள் வந்து சொல்லித்தான் தெரியும். ஓசூருக்கு அழைத்துப் போனாள். போகும்போது மீதி அட்டைகளையும் போக்கம்பியையும் என்னிடம் கொடுத்தார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து ஆனி மாதம், வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட மகளோடு வந்தார். முழுசாகப் பார்வை போயிருந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் மூலை ருமானி அந்த வருஷம் காய்த்திருந்தது, நாலு கிளையிலும், உருண்டை உருண்டையாக. அதற்கு நான் பச்சை கட்டியிருந்தேன். தோப்பின் முதல் பச்சை, மற்றவை அவர் கட்டிய மஞ்சளிலேயே இருந்தன. முதல் கோட்டில் என் கையெழுத்து. இரண்டாவது கோடு அவருக்கு.

கையைப் பிடித்து அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "செக் பண்ணீங்களா?" என்றார். பண்ணினேன் என்றேன், தைரியமாக. என் கையை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கிளையாக, கட்டை விரல் நகத்தை வைத்து, சுற்றிச் சுற்றி. மகள் இரண்டு முறை மணி பார்த்தாள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தார்கள். இவர் மெல்ல உட்கார்ந்து, பழைய வெட்டுக்குக் கீழே, அந்தாண்டைப் பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரலை நிறுத்தினார்.

"கம்பி குடுங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். குண்டூசித் தலை அளவு ஓட்டை. நான் அந்த இடத்தை நூறு முறை கடந்து போயிருப்பேன். கம்பியை விட்டுத் திருகி இழுத்தார். வெள்ளைப் புழு ஒன்று நெளிந்துகொண்டு வெளியே வந்தது.

"பச்சைய கழட்டுங்க சார்" என்றார்.

கழற்றினேன். மஞ்சள் கொடுத்தேன். அதற்கு ஒரு கையெழுத்து போதும், ஆனால் என்னை முதலில் போடச் சொல்லிவிட்டு, மார்க்கரை வாங்கித் தானும் போட்டார். கோட்டை விட்டு இறங்கி, அட்டையின் விளிம்பையும் தாண்டிப் போயிற்று அவர் கையெழுத்து. மகள் ஒரு பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தோல் கொஞ்சம் தடிப்பு என்றார். அப்புறம் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

போன தை மாதம் மகள் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்து அழுதேன். வெளியே யாரோ ஜெராக்ஸ் உண்டா என்று கேட்டார்கள்.

இந்த ஆனியில் மூலை ருமானியை முழங்கால் போட்டு நாலு பக்கமும் செக் பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டும் பண்ணினேன். ஓட்டை மூடிப் பட்டை வளர்ந்திருக்கிறது, வேறு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. பச்சை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பழம் வாங்க வந்திருந்த மாமா, இரண்டாவது ஆள் வேண்டும் என்றதும், "அவ்வளவுதான, குடு மச்சான், நான் போட்டுட்றேன்" என்று பேனாவை எடுத்தார். நான் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாமா வந்ததிலிருந்து மரத்துக்கு இந்தப் பக்கமேதான் நின்றுகொண்டிருந்தார்.